ஜப்பானில் ஒரு பருவம் தங்கி வேலை செய்து ஊர் சுற்ற: முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் ஊர் சுற்றவும் வேண்டும், செலவுக்கு அங்கேயே சம்பாதிக்கவும் வேண்டும், அந்த மக்களோடு நெருங்கிப் பழகவும் வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவாகும். கனடாவிலோ பிரிட்டனிலோ குடியுரிமை பெற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழி. இந்தியா, இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு வேறு வழி. இரண்டில் எந்த வழியாகப் போனாலும், மலையடிவாரத்து வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றின் ரியோகான் என்னும் பாரம்பரிய ஜப்பானிய விடுதியில் வேலைக்குச் சேர முடியும்.

அப்படிப்பட்ட விடுதி வேலையைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். டோக்கியோவில் அறை வாடகையே சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பழகுகிறவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டவராகவே அமைந்துவிடுவார்கள். சிறிய ஊரின் விடுதியில் தங்க அறை கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும், நாள் முழுவதும் ஜப்பானிய மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஊருக்கு ஊர் தாவாமல் ஒரே இடத்தில் ஒரு முழுப் பருவம் இருந்துவிட்டு, சேர்த்த பணத்தில் அதன்பின் ஊர் சுற்றுங்கள்.

படி 1: உங்களுக்குரிய விசாவைத் தெரிந்துகொள்ளுங்கள்

கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் குடிமக்களுக்குரியது வொர்க்கிங் ஹாலிடே விசா: விடுமுறையில் ஊர் சுற்றிக்கொண்டே செலவுக்கு வேலையும் செய்ய அனுமதிப்பது. இது 1980இல் ஆஸ்திரேலியாவுடனான ஏற்பாடாகத் தொடங்கியது. பின்னர் நியூசிலாந்து, கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், டென்மார்க், நார்வே எனப் பட்டியல் நீண்டு, இன்று ஏறத்தாழ 30 நாடுகளில் வந்து நிற்கிறது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் நாடுகள் பலவும் இதில் உள்ளன. வயது 18 முதல் 30 வரை. பிள்ளைகளையோ வாழ்க்கைத் துணையையோ சார்ந்தவராக உடன் அழைத்துச் செல்ல முடியாது. திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் தொடக்க நாட்களின் செலவுக்கும் வங்கியில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும். விண்ணப்பத்தை உங்கள் குடியுரிமை நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோதான் கொடுக்க வேண்டும்.

இந்த விசாவின் முதன்மை நோக்கம் விடுமுறை. வேலை அதற்குத் துணை. விண்ணப்பத்துடன் தரும் பயணத் திட்டத்திலும் நோக்கக் கடிதத்திலும் இது தெரிய வேண்டும். 'டிசம்பர் முதல் மார்ச் வரை நாகானோ மாகாணத்தில் விடுதி வேலை, ஏப்ரலில் கியோட்டோ, மே மாதம் ஷிகொக்கு யாத்திரைப் பாதை' என்று மாதவாரியாக எழுதுங்கள். முழுக்க வேலையைப் பற்றியே எழுதினால் அதிகாரிக்கு ஐயம் வரும். மதுக்கூடங்கள், இரவு விடுதிகள், பச்சிங்கோ சூதாட்டக் கூடங்கள் போன்ற இடங்களில் இந்த விசாவில் வேலை செய்யக்கூடாது. அங்கே பாத்திரம் கழுவுவதும் தடைதான்.

இந்தியா, இலங்கைக் குடிமக்களுக்கு வொர்க்கிங் ஹாலிடே இல்லை. உங்களுக்குரியது 'டொகுடெய் கினோ' எனப்படும் குறிப்பிட்ட திறன் பணியாளர் விசா. 2019 ஏப்ரலில் ஜப்பான் இதைத் தொடங்கியது. அதே ஆண்டில் இலங்கையுடனும், 2021 ஜனவரியில் இந்தியாவுடனும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் தங்கும் விடுதித் துறை தனிப் பிரிவாகவே இருக்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், விடுதித் துறைத் திறன் தேர்விலும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்விலும் தேற வேண்டும். முதல் நிலை விசாவில் மொத்தம் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. இது முழுநேர வேலை. ஊர் சுற்றுவதெல்லாம் வார ஓய்விலும் விடுப்பிலும்தான். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தபின் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சட்டப்படி உரிமை.

சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த விசாவில் சம்பள வேலை சட்டவிரோதம். 'சாப்பாடும் படுக்கையும் தருகிறோம், உதவி செய்தால் போதும்' என்ற ஏற்பாட்டையும் ஊதியமாகவே கருதக்கூடும். பிடிபட்டால் நாடுகடத்துவார்கள், பல ஆண்டுகள் மீண்டும் உள்ளே நுழைய முடியாது.

படி 2: மொழியில் ஆறு மாதம் போடுங்கள்

வொர்க்கிங் ஹாலிடேக்கு மொழித் தேர்வு தேவையில்லை. ஆனால் மொழி தெரியாமல் போனால் அறை சுத்தம் செய்வது, பாத்திரம் கழுவுவது என ஆளோடு ஆள் பேசாத வேலைகளே கிடைக்கும். திறன் பணியாளர் விசாவுக்கோ மொழி கட்டாயம்: ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை (ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது), அல்லது ஜேஎஃப்டி பேசிக் தேர்வில் தேர்ச்சி. ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். சென்னையும் ஒரு தேர்வு மையம். சென்னையில் ஏபிகே ஏஓடிஎஸ் தொசொகாய் தமிழ்நாடு மையம் நெடுங்காலமாக ஜப்பானிய மொழி வகுப்புகள் நடத்தி வருகிறது. ஜேஎஃப்டி பேசிக் கணினியில் எழுதும் தேர்வு, ஆண்டில் பலமுறை நடப்பதால் அவசரத்துக்கு உதவும்.

வினை கடைசியில் வருவது, பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டுவது போன்றவை தமிழ் அறிந்தவர்களுக்கு இயல்பாகவே பிடிபடும். கஷ்டம் எழுத்தில் இருக்கிறது. ஹிராகானா, கதகானா என்னும் அசையெழுத்து வகைகள் இரண்டையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல் விடுதியில் கண்ணில் படுபவற்றிலிருந்து தொடங்குங்கள்: ஆண், பெண், நீர், நெருப்பு, நுழைவு, வெளியேற்றம், காலை, மாலை, எண்கள்.

விருந்தினரிடம் பேசும் மரியாதை மொழியான கெய்கோ தனிப் பாடம். முழுவதும் கற்றபின்தான் போவது என்றால் போகவே முடியாது. சில தொடர்களை நாக்கில் ஏற்றிக்கொண்டால் போதும். 'இராஷ்ஷாய்மாசே' வரவேற்பு. 'காஷிகொமாரிமாஷித்தா' சொன்னதை ஏற்றேன் என்பதற்கு. 'ஷோஷோ ஒமாச்சி குதாசாய்' சற்றுக் காத்திருக்கச் சொல்வதற்கு. சகப் பணியாளர்களிடம் வேலை முடிந்ததும் 'ஒத்சுகாரேசாமா தெஸ்'. இவை இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது.

படி 3: ஊரையும் பருவத்தையும் தேர்ந்தெடுங்கள்

வொர்க்கிங் ஹாலிடேக்காரர்கள் தேட வேண்டியது 'ரிசோட்டோ பைட்டோ', அதாவது சுற்றுலாத் தலங்களின் பருவகால வேலை. இதற்கென்றே ஆள் அனுப்பும் நிறுவனங்களும் வேலை விளம்பரத் தளங்களும் இருக்கின்றன. பனிச்சறுக்குப் பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை. அதற்கு ஆள் எடுப்பது இலையுதிர்காலத்திலேயே சூடு பிடித்துவிடும். கோடைக்கு ஒகினாவா கடற்கரைகளும் மலை விடுதிகளும்.

ஹொக்கைடோவின் நிசேகோவில் வேலை எளிதில் கிடைக்கும். ஆனால் விருந்தினரும் பணியாளர்களும் பெரும்பாலும் வெளிநாட்டவர், ஆங்கிலத்திலேயே காலம் ஓடிவிடும். பனிச்சறுக்கும் வேண்டும், ஊர் வாழ்க்கையும் வேண்டும் என்றால் நாகானோவின் நொசாவா ஒன்செனைப் பாருங்கள். ஊர் மக்களே பராமரிக்கும் 13 பொதுக் குளியலறைகள் அங்கே உண்டு. ஜனவரி 15 இரவில் மரக் கோபுரத்தைக் காக்கும் ஆண்களுக்கும் தீப்பந்தத்தோடு தாக்க வருகிறவர்களுக்கும் நடுவே தீத் திருவிழா நடக்கும். ஹியோகோ மாகாணத்துக் கினோசாகியில் ஏழு பொதுக் குளியல்கள். விருந்தினர்கள் யுகாட்டா என்னும் மெல்லிய பருத்தி அங்கி உடுத்தி, மரச் செருப்புச் சத்தத்தோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போவார்கள். நவம்பரில் நண்டுப் பருவம் தொடங்கியதும் அந்த ஊரில் ஓய்வே இருக்காது. குன்மாவின் குசாட்சு, குமாமோட்டோவின் குரோகவா ஆகியவையும் நல்ல தேர்வுகள்.

திறன் பணியாளராகப் போகிறவர்களுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் குறைவுதான். ஆனாலும் நேர்காணலில் விடுதி எங்கே, எத்தனை அறை, அருகிலுள்ள ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று தயங்காமல் கேளுங்கள். வரவேற்பு மேசை, விருந்தினர் சேவை, உணவு பரிமாறுதல் ஆகியவை இந்த விசாவின் பணிகள். சுத்தம் செய்வது அவற்றோடு சேர்ந்து வரலாம்; ஆனால் அதை மட்டுமே செய்ய வைக்கக்கூடாது.

ரியோகானில் ஒரு நாள் எப்படி இருக்கும்

இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். பலர் பாதியில் விட்டுவிட்டுப் போவது இந்த நேர அமைப்பை எதிர்பார்க்காததால்தான்.

காலை ஆறரை மணியளவில் சிற்றுண்டி வேலை தொடங்கும். பத்து மணிக்கு விருந்தினர் புறப்பட, அறைகளைச் சுத்தம் செய்வார்கள். பிறகு நண்பகலிலிருந்து மூன்று மணி வரை இடைவெளி. மூன்று மணிக்கு அடுத்த விருந்தினர் வருகை, ஆறு மணியிலிருந்து இரவு விருந்து, அவர்கள் சாப்பிடும் நேரத்தில் அறையில் படுக்கை விரிப்பது, ஒன்பது மணிக்கு மேல் வேலை முடிவு. நடுவில் விடும் இந்த இடைவெளிக்கு 'நகானுகே' என்று பெயர். அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. சிலர் அதைத் தூங்கிக் கழிப்பார்கள். ஆளில்லாத பகல் நேரத்தில் பொதுக் குளியலுக்குப் போவதும், ஊர்க் கோயில் படியேறுவதும், கடைக்காரப் பாட்டியிடம் பேசிப் பழகுவதும் அப்போதுதான் முடியும் என்பதால் எனக்கு அந்த மூன்று மணி நேரம் பெரிய கொடையாகத் தோன்றுகிறது.

விடுதியின் தலைவி ஒகாமி. அவருடைய கண்ணுக்குத் தப்பி ஒரு செருப்புகூடக் கோணலாக இருக்காது. விருந்தினரைக் கவனிக்கும் பெண்கள் நகாய். நீண்ட காலம் இருக்கும் நகாய் ஒருவரின் பின்னால் நடந்து அவர் செய்வதை அப்படியே செய்யுங்கள், அதைவிடச் சிறந்த பள்ளி கிடையாது. அறைக் கதவை மண்டியிட்டுத் திறப்பது, தத்தாமிப் பாயின் துணிக் கரையை மிதிக்காமல் நடப்பது, சோற்றுக் கிண்ணத்தை இடப்பக்கமும் சூப்பை வலப்பக்கமும் வைப்பது, சாப்பாட்டுக் குச்சியின் நுனி இடது நோக்கி இருப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. கைசேக்கி விருந்தில் சிறு சிறு பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சோறு கடைசியில் மிசோ சூப்போடும் ஊறுகாயோடும் வரும். யுகாட்டாவை இடது மடிப்பு மேலே வரும்படி உடுத்த வேண்டும். வலது மடிப்பு மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. விருந்தினர் யாராவது உறையில் பணம் கொடுத்தால் தனியாக வைத்துக்கொள்ளாமல் ஒகாமியிடம் சொல்லுங்கள்.

பணியாளர்களுக்கு விடுதிக் குளியலில் இறங்க அனுமதி இருந்தால், அது விருந்தினர் நேரம் முடிந்தபின். உட்கார்ந்து உடலை நன்றாகக் கழுவியபின்தான் தொட்டியில் இறங்க வேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது. பச்சை குத்தியிருந்தால் விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள், பல விடுதிகள் அதை ஏற்பதில்லை.

படி 4: ஒப்பந்தத்தையும் கணக்கையும் படித்துப் பாருங்கள்

சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், தங்குமிடத்துக்கான பிடித்தம் எல்லாம் எழுதப்பட்ட வேலை நிபந்தனை அறிவிப்பை முதலாளி தந்தே ஆக வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும், ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் உயரும். 2024 அக்டோபரில் டோக்கியோவில் அது மணிக்கு 1,163 யென்னாக இருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேலும், இரவு பத்து முதல் காலை ஐந்து வரையும் செய்யும் வேலைக்கு 25 சதவீதம் கூடுதல்.

ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 1,100 யென், நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 1,93,600 யென். ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கும் வொர்க்கிங் ஹாலிடேக்காரர்களை வரிச் சட்டம் பொதுவாக வெளிநாட்டில் வசிப்பவராகவே கருதும், அப்போது 20.42 சதவீதம் பிடித்தம். கையில் ஏறத்தாழ 1,54,000 யென். தங்குமிடமும் பணியாளர் சாப்பாடும் இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைத்தால் இதில் பாதிக்கு மேல் சேமிக்கலாம். டோக்கியோவில் வாடகை கொடுத்து இதே சம்பளம் வாங்கினால் அது நடக்காது.

திறன் பணியாளரின் சம்பளம், அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. விமான நிலையத்தில் அழைத்துப்போவது, வீடு, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு நிறுவனம் செய்தாக வேண்டிய உதவிகள் உண்டு. அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டக்கூடாது. முன்பணப் பிணை வாங்குவதும் தடை. இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சங்களில் கேட்பவர் யாராக இருந்தாலும், எந்தச் சொந்தக்காரர் அறிமுகம் செய்திருந்தாலும், கொடுக்காதீர்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போகிறவர்களால் மோசமான முதலாளியை விட்டு விலக முடிவதில்லை. இலங்கையிலிருந்து போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

திறன் பணியாளருக்கு வேலை உறுதியானதும் நிறுவனம் ஜப்பானியக் குடிவரவுத் துறையில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அந்தச் சான்றிதழ் மூன்று மாதம் செல்லும். அதற்குள் விசா பெற்று ஜப்பானுக்குள் நுழைந்துவிட வேண்டும்.

படி 5: புறப்படும் முன்

மருந்துப் பையைக் கவனியுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, சூடோஎபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரை போன்றவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் சீட்டில் வாங்கிய மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடிவரவு, சுங்க விவரங்களைப் பதிந்துகொண்டால் விமான நிலையத்தில் நேரம் மிச்சம். முதல் சம்பளம் வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம், அதுவரைக்கான பணம் கையில் இருக்கட்டும். கழற்றி மாட்ட எளிதான காலணி, ஓட்டையில்லாத காலுறைகள், கருப்புக் காற்சட்டை. மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும்.

படி 6: முதல் இரண்டு வாரம்

நரிட்டா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் வசிப்பிட அட்டையை அங்கேயே தருவார்கள். அதை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டம். பத்திரமாக வைக்கிறேன் என்று முதலாளி அதையோ பாஸ்போர்ட்டையோ கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தங்குமிடம் முடிவான 14 நாட்களுக்குள் அவ்வூர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். அதே நாளில் அடுத்த கவுண்டரில் தேசிய நலக் காப்பீட்டில் சேர்ந்துவிடலாம். மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டும் நீங்கள் கட்டினால் போதும். நிறுவனமே தன் காப்பீட்டில் சேர்த்தால் இது தேவையில்லை. 20 வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வூதியச் சந்தாவும் உண்டு: 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். வருமானம் குறைவென்றால் விலக்குக்கு அங்கேயே விண்ணப்பியுங்கள்.

வங்கிக் கணக்குக்குத் தொலைபேசி எண் கேட்பார்கள். ஆகவே முதலில் சிம் கார்டு. வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குப் பல வங்கிகள் தயங்கும், தபால் வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல். காய்கறி மட்டுமே தெரியும் பதார்த்தத்திலும் தாஷி என்னும் சாறு இருக்கும். அது பெரும்பாலும் கட்சுவோபுஷி என்னும் உலர்த்திய மீன் சீவலில் காய்ச்சியது. பணியாளர் சாப்பாட்டில் அதை விலக்கித் தனியாகச் சமைத்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே பணியாளர் தங்குமிடத்தில் சமையலறை உண்டா என்று கேளுங்கள். அரிசி, தோஃபு, கடற்பாசிச் சாறு, முட்டைக்கோஸ் எல்லாம் எங்கும் கிடைக்கும். பருப்பும் மசாலாவும் டோக்கியோ நிஷிகசாயின் இந்தியக் கடைகளில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கோயா மலைக் கோயில் விடுதிகளில் துறவிகளின் சைவ உணவைத் தயக்கமில்லாமல் உண்ணலாம்.

படி 7: சேர்த்த பணத்தில் ஊர் சுற்ற

ஏப்ரல் இறுதி முதல் மே தொடக்கம் வரையான கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன், புத்தாண்டு ஆகிய மூன்றும் ஜப்பானியரின் பெரும் விடுமுறைகள். விடுதிக்காரர்களுக்கு அவைதான் உச்ச வேலை நாட்கள், அப்போது விடுப்புக் கேட்காதீர்கள். அவை முடிந்த வாரத்தில் கேளுங்கள். கூட்டமும் இராது, அறை விலையும் இறங்கியிருக்கும்.

நாடு முழுவதும் ரயிலில் போய்வர உதவும் ஜேஆர் பாஸ் சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கானது. வேலை விசாக்காரர்களுக்கும் வொர்க்கிங் ஹாலிடேக்காரர்களுக்கும் கிடையாது. வருத்தப்பட வேண்டாம், 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. உங்களுக்கு இரவு பஸ்களும் 'செய்ஷுன் 18' டிக்கெட்டும் இருக்கின்றன. பெயரில் 18 இருந்தாலும் எந்த வயதினரும் வாங்கலாம். புல்லட் ரயிலில் செல்லாது, மெதுவான ரயில்களில் தொடர்ச்சியாக மூன்று அல்லது ஐந்து நாள் நாடு முழுவதும் போகலாம். பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகும் முதியவர்களும் ஏறி இறங்கும் அந்த ரயில்களையே நான் விரும்புவேன். பெட்டியைத் தக்யுபின் கூரியரில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டுக் கைவீசிப் போகலாம்.

ஜூலை 17, 24 தேதிகளில் கியோட்டோவின் கியோன் திருவிழாத் தேர்கள், ஆகஸ்ட் 2 முதல் 7 வரை ஆமோரியின் நெபுட்டா விளக்கு உருவங்கள், 12 முதல் 15 வரை தொகுஷிமாவின் ஆவா ஒதோரி நடனம். ஷிகொக்குவின் 88 கோயில் யாத்திரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். முழுவதும் நடக்க நாள் இல்லையென்றால் ஒரு மாகாணப் பகுதியை மட்டும் நடங்கள்.

இடையில் ஊருக்கு வந்துபோக வேண்டியிருந்தால், விமான நிலையப் படிவத்தில் மறுநுழைவுக் கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். மறந்தால் விசா அங்கேயே முடிந்துபோகும்.

படி 8: கிளம்பும்போது

விலகுவதாக இருந்தால் ஒப்பந்தத்திலுள்ள கால அளவுக்கு முன்பே நேரில் சொல்லுங்கள். திறன் பணியாளர்கள் அதே துறையில் வேறு விடுதிக்கு மாறலாம், ஆனால் குடிவரவுத் துறையின் அனுமதி கைக்கு வரும்வரை புதிய இடத்தில் வேலையைத் தொடங்கக்கூடாது. சம்பளம் தராவிட்டால் அப்பகுதித் தொழிலாளர் தர ஆய்வு அலுவலகத்தில் முறையிடுங்கள். பல மொழிகளில் தொலைபேசி ஆலோசனை உண்டு.

நாடு திரும்பும் முன் நகராட்சியில் வெளியேறும் அறிவிப்பு கொடுத்து, காப்பீட்டுப் பாக்கியைத் தீர்த்து, வங்கிக் கணக்கை மூடுங்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தால் ஊர் திரும்பிய இரண்டு ஆண்டுகளுக்குள் அதில் ஒரு பகுதியை ஒரே தவணையில் திரும்பக் கேட்கலாம். நிறுவனம் வழியாகக் கட்டிய சந்தா என்றால் திரும்பும் தொகையில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஜப்பானில் வசிக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாகப் பதிந்துவிட்டு வந்தால் அந்த வரியையும் அவர் மூலம் கேட்டுப் பெறலாம். இதற்குச் சம்மதிப்பவரை வேலையில் இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு ஓய்வூதிய எண் வேண்டும், அந்தக் கடிதத்தை நகல் எடுத்து வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.